ஊசி அக்காவின் மஞ்சள் வளையங்கள்

நம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். இன்றைக்கும் கடையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளியைப் பார்த்தால் உங்கள் கை ஒரு நொடி தயங்குகிறதா இல்லையா? எனக்குத் தயங்குகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டாகிவிட்டது, மாடிப்படி ஏறினால் முட்டி முனகுகிறது, ஆனாலும் அந்தத் தயக்கம் போகவில்லை. என் வீட்டில் பச்சை வாளி உண்டு, நீல வாளி உண்டு. மஞ்சள் கிடையாது. என் கணவர் இதைச் சொல்லி ஊரெல்லாம் கேலி செய்கிறார். அவர் மதுரைக்காரர், அவருக்கு என்ன தெரியும்?

அணுபுரத்தில் இருந்த நமக்குத் தெரியும். நம் அப்பாக்கள் எல்லோரும் காலையில் நீல பஸ் ஏறிக் கடற்கரையோரம் இருந்த அணுமின் பிளான்ட்டுக்குப் போனார்கள். கதிர்வீச்சு பட்டு, உள்ளே இருந்து வெளியே வரக்கூடாத பொருள் எதுவானாலும் அதை மஞ்சள் உறையில் கட்டுவார்கள், மஞ்சள் தொட்டியில் போடுவார்கள் என்று நமக்குச் சொல்லியிருந்தார்கள். என் அப்பாவோ பாதுகாப்புப் பிரிவிலேயே அதிகாரி. எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அவருக்கு இரண்டு மடங்கு சந்தேகம். ரோட்டில் மஞ்சளாக எதைப் பார்த்தாலும் தொடாதே, ஓடி வந்து என்னிடம் சொல் என்பது எனக்கு அவர் போட்ட முதல் கட்டளை. ஒரு தடவை திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா, ஜவுளிக்கடை மஞ்சள் பையில் முறுக்கும் சீடையும் கொண்டுவந்து நீட்ட, நான் தொடமாட்டேன் என்று அழுது ஊரைக் கூட்டினேன். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பி பிள்ளையை இப்படியா வளர்ப்பான் என்று அன்று மாலையே ரயில் ஏறிவிட்டார். அப்பாவுக்கு மட்டும் உள்ளூரப் பெருமை.

நான் சொல்ல வந்தது வேறு. என் தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்த அந்த மழைக்காலத்தைப் பற்றி.

கடற்காற்று உப்பும் வேர்வையுமாக உடம்பில் ஒட்டும் ஊர் அது. அந்த ஊரில் பிறக்கப்போகிற குழந்தைக்குக் கம்பளி ஸ்வெட்டரும் குல்லாவும் காலுறையும் பின்னியே தீருவது என்று எங்கள் பிளாக் பெண்கள் ஒன்றுகூடி முடிவு செய்தார்கள். எதற்கு என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. தமிழ்நாட்டில் பிறக்கிற குழந்தைக்குத் தலையில் குல்லா வேண்டும், அவ்வளவுதான். வெயில் நூறைத் தாண்டினாலும் வேண்டும். அம்மாவுக்குப் பின்னத் தெரியாது. அந்த பிளாக்கில் யாருக்குமே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே, வாடகை வீட்டில் இருந்தார். அவரைத்தான் நாங்கள் ஊசி அக்கா என்று கூப்பிட்டோம்.

அவர் இந்தப் பக்கத்துக்காரர். பிறந்தது மகாபலிபுரம், வாழ்க்கைப்பட்டது வேடந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் நடத்திய லாட்ஜில் அறை பெருக்குவாராம். அங்கே ஒரு சீசன் முழுக்கத் தங்கிய வெள்ளைக்காரி ஒருத்தி, நாள் முழுவதும் வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருந்தாளாம். "அவ பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அவளுக்குப் புரியாது. கையப் பாத்துகினே கத்துக்கினேன்" என்பார் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் பிளான்ட் ஸ்டோர்ஸில் கான்ட்ராக்ட் ஆள். வருஷக்கணக்காக மூட்டை தூக்கி, இப்போதுதான் நிரந்தரம் செய்யப்போகிறார்கள் என்று பேச்சு வந்திருந்தது. அக்கா எதைப் பேசினாலும் அங்கே வந்துதான் முடிப்பார். "பெர்மனென்ட் ஆயிட்டா நமக்கும் உள்ள குவார்ட்டர்ஸ் குடுப்பாங்கம்மா. குழாயத் தொறந்தா தண்ணி கொட்டும்." எங்கள் குழாயை அவர் பார்க்கிற பார்வையை நான் கவனித்திருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்ததும் அக்கா வருவார். எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். எதிர்வீட்டு ஆன்ட்டி, மாடிவீட்டு மாமி, என் அம்மா. பள்ளி அரைநாள் விட்டால் நானும். அக்காவிடம் கடையில் வாங்கிய சாமான் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கையால் செய்தது. பின்னல் ஊசி என்பது சைக்கிள் கம்பி. சக்கரத்திலிருந்து கழற்றிய பழைய கம்பியின் வளைந்த தலையை வெட்டி, மகாபலிபுரத்தில் சிலை செதுக்குகிறவர்களின் சாணைக்கல்லில் முனையைத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் ஊசி. மறுமுனையில் நூல் கண்ணிகள் வழுக்கி விழாமல் இருக்க அரக்கை உருக்கி ஒரு மிளகளவு குமிழ் வைப்பார். நூல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போகாமல் இருக்க ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, பாட்டிலுக்குள் நூலுண்டையை உட்காரவைத்து, ஓட்டை வழியே நூலை இழுப்பார். எத்தனை வரிசை பின்னினோம் என்று மறக்காமல் இருக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரிசையாகத் துளை போட்டுக் கொடுத்தார். ஒரு வரிசை முடிந்தால் தீக்குச்சியை அடுத்த துளைக்கு மாற்ற வேண்டும். அதை மாற்றுகிற வேலை எனக்கு. ஸ்கூல் லீடர் பதவி கிடைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு மிடுக்கு வந்ததில்லை.

பாதியில் எழுந்து போகும்போது கண்ணி நழுவாமல் இருக்க ஊசி முனையில் ஏதாவது குத்தி வைக்க வேண்டும். அதற்கு அக்கா சின்னச் சின்ன ரப்பர்க் கட்டிகள் கொண்டுவந்தார். வெள்ளையும் நீலமுமாக அடுக்கடுக்காக, அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம் போல அழகாக இருந்தன.

"இது எதுல வெட்டுனது?" என்று கேட்டாள் அம்மா.

"ஹவாய் செருப்பும்மா. வாரு அந்து போச்சுன்னு தூக்கிப் போட்டது. குதிங்கால் பக்கம் நல்லா கெட்டியா கீது."

அம்மாவின் கை அப்படியே நின்றது. ஊசியை மடியிலிருந்து தரையில் இறக்கி வைத்தாள். "செருப்பா? பச்சப் பிள்ளை போடுத துணில செருப்பையா குத்துதது?" என்றாள். கத்தவில்லை. ஆனால் மாடிவீட்டு மாமி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். எங்கள் வீடு சைவம், முட்டைகூட வாசற்படி தாண்டாது. சுத்தம் என்றால் அம்மாவுக்கு உயிர். அக்கா சிரித்தபடியே ரப்பர்க் கட்டிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை. அம்மா என் பென்சில் ரப்பரை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்த வாரம் மஞ்சள் வளையங்கள் வந்தன.

ஸ்வெட்டரில் கை தொடங்குகிற இடம், கழுத்துக்குக் கண்ணி குறைக்கிற இடம் என்று அடையாளம் வேண்டும். ஊசியில் ஒரு சின்ன வளையத்தைக் கோத்து வைத்தால் அங்கே வந்ததும் கை தானாக நிற்கும். அதற்குத்தான் அந்த வளையங்கள். சுண்டுவிரல் நுனி அளவு, வழவழப்பான பிளாஸ்டிக், வெட்டிய முனைகளைச் சூடுகாட்டி மழுங்கடித்து நேர்த்தியாக இருந்தன. முட்டைமஞ்சள் நிறம். கம்பளியின் வெளிர்நீலத்தில் பளிச்சென்று தெரிந்தன.

"இது எதுல செஞ்சது?" என்று இந்தத் தடவை கேட்டவள் நான்.

"அது வந்து... ஊர்ல கெடச்சுது கண்ணு" என்று அக்கா பாட்டிலுக்குள் குனிந்து நூலைத் தேடினார்.

எனக்கு உடனே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் எங்கள் கண்முன்னால் செய்து காட்டிய அக்கா, இதை மட்டும் ஏன் வீட்டிலேயே செய்துகொண்டு வருகிறார்? என் அப்பாவின் பெண் அல்லவா நான். அன்று அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது அவருடைய வயர்க் கூடைக்குள் மூக்கை விட்டேன். உள்ளே ஒரு பொட்டலத்தில் மஞ்சள் வளையங்கள் இன்னும் கிடந்தன. கூடையில் தவிட்டு வாசனை. தவிடு எதற்கு என்று இரவெல்லாம் யோசித்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சந்தேகம் மட்டும் வளர்ந்தது.

அப்பாவின் கண்ணில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டது. அம்மா நாற்காலியில் வைத்துவிட்டுப் போன பின்னலை நகர்த்திவிட்டு உட்காரப் போனவர் உட்காரவில்லை. ஊசியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"ஊசி அக்கா குடுத்தா" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"அவ வீட்டுக்காரன் ஸ்டோர்ஸ்லல்லா இருக்கான்?"

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "இருந்தா என்ன?"

"மஞ்சள் ட்யூப் வெட்டுன மாதிரி இருக்கு. உள்ள இந்த அளவுல ட்யூப் உண்டு."

அம்மாவின் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போனதை நான் பார்த்தேன். அவ்வளவு நேரமும் அவள் மடியில் கிடந்த பொருள் அது. அப்பா ஊசியைச் செய்தித்தாளில் வைத்து, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். என்னையும் கழுவச் சொன்னார். அம்மா சொல்லாமலே கழுவினாள்.

மறுநாள் அக்கா வந்தபோது அப்பா வேண்டுமென்றே வீட்டில் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, "இந்த வளையமெல்லாம் நல்லா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்றார்.

அக்காவுக்கு அப்பா முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. எழுந்து நின்றார். "மகாபலிபுரத்துல சார். அண்ணன் கடையாண்ட."

"ஊர்ல கெடச்சுதுன்னீங்களே" என்றேன் நான். அதிகப்பிரசங்கி.

"ஆமா கண்ணு, அதான்... மகாபலிபுரமும் நம்ம ஊருதான" என்றார் அக்கா. அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. மின்விசிறிக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். அப்பா மேலே எதுவும் கேட்கவில்லை. சரி சரி என்று தலையாட்டினார். அப்பா அப்படித் தலையாட்டினால் நம்பவில்லை என்று அர்த்தம்.

அப்பா ஒரு வளையத்தை பிளான்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதிர்வீச்சுக் கருவியில் சோதித்துப் பார்த்தார். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அம்மா வாசலில் நின்றாள்.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு" என்றார்.

அம்மா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். "அப்பாடா. பெறகென்ன?"

"அதான் எனக்கு இடிக்குது. இவ்வளவு சுத்தமாவா இருக்கும்? நல்லாக் கழுவிருக்கான்."

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. அழுக்காக இருந்தால் குற்றம், சுத்தமாக இருந்தால் பெரிய குற்றம். சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் எந்தப் பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது தின்று கொழுக்கும். ஆனால் அந்த வயதில் எனக்கு அப்பா துப்பறிகிற பெரிய ஆளாகத்தான் தெரிந்தார்.

அப்பா வெளியில் யாரிடமும் சொல்லவில்லை என்றார். இருந்தாலும் பிளாக் முழுக்கப் பரவியது. எப்படி என்று எனக்கு இன்றும் தெரியாது, அம்மாவாகத்தான் இருக்கும். எதிர்வீட்டு ஆன்ட்டி தன் வளையங்களைப் பாலித்தீன் உறைக்குள் உறை போட்டுக் கட்டி, ரப்பர்க் கையுறை போட்டுக்கொண்டு போய் எங்கோ தள்ளி இருந்த குப்பைத்தொட்டியில் போட்டார். அந்தக் கையுறையை எதில் போட்டார் என்று கேட்க எனக்கு ஆசை. மாடிவீட்டு மாமி பாதி பின்னிய ஸ்வெட்டரை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், செங்கல்லுக்கு அடியில் வைத்தார். காற்று படட்டும் என்றாராம். கூடத்து வட்டம் சுருங்கியது. ஒருத்திக்குத் தலைவலி, இன்னொருத்திக்கு விருந்தாளி. கடைசியில் அம்மாவும் அக்காவும் மட்டும் இருந்தார்கள். அம்மா அக்கா கொடுக்கிற எதையும் நேராகக் கையில் வாங்காமல், கீழே வைங்க, எடுத்துக்கிடுதேன் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்ன என்று மட்டும் தெரியவில்லை.

"இன்னாம்மா, யாரும் வர்றதே இல்ல? நான் எதுனா தப்பா பேசிட்டேனா?"

"அதெல்லாம் இல்ல. எல்லாருக்கும் வேலை" என்றாள் அம்மா, கண்ணைப் பார்க்காமல்.

அந்த நேரத்திலாவது ஒருத்தர் வாயைத் திறந்து, இந்த வளையத்தைப் பற்றித்தான் பேச்சு, உண்மையில் எங்கே கிடைத்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தேகப்படுகிறோம் என்று காட்டிக்கொள்வது மரியாதைக் குறைவாம். அந்த மரியாதைதான் ஒரு குடும்பத்தை முடித்தது.

அப்பா தன் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். எழுத்தில் இல்லை, வாய்வார்த்தைதான். ஸ்டோர்ஸில் இன்ன ஆள் மேல் ஒரு கண் இருக்கட்டும், ட்யூப் ஏதோ வெளியே போவதுபோலத் தெரிகிறது. அவ்வளவுதான். அவருக்கு அது கடமை. தூங்கும் முன் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னார், அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. "நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தான பதில் சொல்லணும்?"

அந்த ஒரு வார்த்தை மேலதிகாரியிடமிருந்து கான்ட்ராக்டருக்குப் போனது. அங்கே போகும்போது அது பெரிதாகியிருந்தது. ஊசி அக்காவின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஸ்டோர்ஸிலிருந்து ட்யூப் எடுத்தாயா என்று கேட்டார்களாம். இல்லை என்றாராம். யோசித்துச் சொல் என்றார்களாம். வளையம் என்ற பேச்சே அந்த விசாரணையில் வரவில்லை. எங்கே பார்த்தார்கள், யார் பார்த்தார்கள் என்று சொல்லக்கூடாதே. எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றே தெரியாமல் ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் முழித்தார். முழித்ததே போதும் என்று நினைத்தார்கள். அவர் உள்ளே போகிற கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நிரந்தரமும் போச்சு, இருந்ததும் போச்சு.

ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கிய ஒரு நாளில் தம்பி பிறந்தான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் பால்காரர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா கேட் வரை வந்தாராம், செக்யூரிட்டி உள்ளே விடவில்லையாம். பொட்டலத்தில் வெளிர்நீல ஸ்வெட்டர், குல்லா, காலுறை. அம்மா பாதியில் விட்டதை அக்கா வாங்கிப்போய் முடித்திருந்தார். வளையங்களை எல்லாம் கழற்றியிருந்தார். கழுத்தில் வைத்திருந்த பொத்தான் மட்டும் புதிது, கடையில் வாங்கியது. அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு வேடந்தாங்கல் பக்கம் போய்விட்டார்கள் என்று பால்காரர்தான் சொன்னார்.

அப்பா அதைப் போடவேண்டாம் என்றார். அம்மா துவைத்தாள். மறுநாளும் துவைத்தாள். பிறகு ஒரு குளிர்ந்த காலையில் எடுத்துத் தம்பிக்குப் போட்டுவிட்டாள். அப்பா செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

தை மாதத்தில் டவுன்ஷிப் கிளப்பிலிருந்து வேடந்தாங்கலுக்குப் பஸ் விட்டார்கள், பறவை பார்க்க. கைக்குழந்தையோடு எதற்கு என்று அப்பா கேட்டார். அம்மா பெயர் கொடுத்துவிட்டாள். ஏரிக்கரையில் நடந்தோம். தண்ணீருக்குள் நின்ற மரங்களெல்லாம் வெள்ளையடித்ததுபோல நாரைகள். ஒரே கூச்சல், மீன் கவிச்சி. எதிர்வீட்டு ஆன்ட்டி பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே தெரியவில்லை என்றார். அம்மா ஏரிப் பக்கம் திரும்பவே இல்லை. கரையிலிருந்து இறங்கி டீக்கடையில் ஏதோ விசாரித்தாள். பிறகு தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அப்பா வேறு வழியில்லாமல் எனக்குப் பின்னால் வந்தார். "எங்க போற? என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

தெருக்கோடியில் ஓட்டு வீடு. வேலி ஓரத்தில் நெல் புடைத்த உமி குவிந்து கிடந்தது. அதைக் கோழிகள் சீய்த்துக்கொண்டிருந்தன. முதலில் பார்த்தவள் நான்தான். ஒரு சிவப்புக் கோழி காலைத் தூக்கி உமியைப் பின்னால் தள்ளியது. அந்தக் காலில் மஞ்சள் வளையம். பக்கத்துக் கோழிக்கும் மஞ்சள். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த கோழிகளுக்கு நீலம்.

அப்பா நின்றுவிட்டார். கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கோழியைப் பார்த்தார். அவர் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"யம்மா! யாரு வந்துகீறாங்க பாரு!" என்று ஊசி அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தார். கையில் தவிடு ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு, அம்மாவிடம் கேட்காமலே தம்பியை வாங்கினார். அம்மா கொடுத்தாள். கையிலிருந்து கைக்கு. "என் ராசா, சொட்டரு சைஸா கீதே! கை மட்டும் ஒரு வெரக்கட நீளம். வளந்துருவான், வளந்துருவான்."

அம்மா வேலிப் பக்கம் கையைக் காட்டினாள். "அது... அந்தக் கோழிக் கால்ல..."

அக்காவின் முகம் வெளுத்தது. திருட்டுப் பிடிபட்டதுபோலத் தலை குனிந்தார். "மன்னிச்சுக்கோம்மா. மாமனாரு மதுராந்தகத்துல வாங்கியாறது. எங்க கோழி எது, பக்கத்து வூட்டு கோழி எதுன்னு சண்டை வராம இருக்க, எங்களுக்கு மஞ்சா, அவங்களுக்கு நீலம். சுருளு சுருளா இருக்கும், சுடுதண்ணில போட்டு ஒரு சுத்து ஒரு சுத்தா நறுக்கி எடுத்தாந்தேன். சத்தியமா கோழி போட்டது இல்லம்மா, எல்லாம் புச்சு. செருப்புக்கே நீங்க அப்டி மூஞ்ச சுளிச்சீங்க. கோழி வளையம்னு சொன்னா தொடுவீங்களா? அதான் பொய் சொல்லிட்டேன்."

நாங்கள் மூன்று பேரும் அந்த வாசலில் நின்றோம். கோழிகள் சீய்த்துக்கொண்டே இருந்தன.

அவருடைய வீட்டுக்காரர் வயலுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். அக்கா எங்களைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, எங்கள் கண்முன்னாலேயே கழுவி, மோர் கொடுத்தார். அப்பா குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு எதிரே நின்றார், உட்காரவில்லை.

"சார், நீங்க தப்பா எடுத்துக்கலன்னா ஒண்ணு கேக்கணும். எவனோ புண்ணியவான் அவரு மேல கோள் மூட்டிட்டான். ட்யூப் எடுத்தான்னு. அவரு ஒரு ஆணி எடுத்தாந்ததில்ல சார். நான் அவராண்ட சொல்லிகினே இருக்கேன், நம்ம சாராண்ட போயி கேளு, அவரு நல்லவரு, அவருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அப்பவே தடுத்துருப்பாருன்னு. இந்த மனுசன் வெக்கப்படுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லி வுடுங்க சார். உங்க வார்த்தைக்கு அங்க மதிப்பு கீது."

அப்பா மோரைப் பார்த்துக்கொண்டே, "பாக்கேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் பாட்டுக்குப் பாட்டு விளையாடினார்கள். தம்பி அம்மா மடியில் தூங்கினான். நான் ஜன்னலோரம் தூங்குவதுபோல் கிடந்தேன்.

"நாளைக்கே போயிச் சொல்லிருங்க" என்றாள் அம்மா.

"என்னன்னு சொல்ல?"

"உள்ளத. தப்பா நெனச்சிட்டோம், அது கோழிக்குப் போடுத வளையம்னு."

அப்பா முன்சீட்டில் யாருக்காவது கேட்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, "கோழி வளையத்த ட்யூப்புன்னு ரிப்போர்ட் பண்ணேன்னு போய் நிக்கச் சொல்லுதியா? ஆபீஸே சிரிக்கும்ட்டி. பெறகு நாளைக்கு நெசமாவே ஒண்ண நான் சொன்னா எவன் மதிப்பான்?" என்றார்.

"சிரிக்கட்டும். அவரு கூலிக்குல்லா போயிட்டு இருக்காரு."

அப்பா போய்ச் சொல்லவில்லை. அந்த வாரம் சொல்லவில்லை, அந்த மாதம் சொல்லவில்லை. கான்ட்ராக்டர் மாறிவிட்டான், இனிச் சொல்லி என்ன பயன் என்று ஒரு நாள் தானாகவே சொன்னார், யாரும் கேட்காதபோது. அம்மாவும் அதற்குப்பிறகு கேட்கவில்லை. ஆனால் அப்பா எதைச் சொன்னாலும், ஊரில் யாரைப் பற்றிச் சொன்னாலும், "பாத்தீங்களா? நேர்ல கேட்டீங்களா?" என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. பால் திரிந்துவிட்டது என்று அப்பா சொன்னால்கூட எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். அப்பா மேல் எனக்கு இருந்த நம்பிக்கையும் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என்னோடு இறங்கவில்லை. அவரை நேசிக்கிறேன். நம்புவது வேறு.

அப்பா ஓய்வு பெற்றது இரண்டாயிரத்துக்குப் பிறகு. டவுன்ஷிப் அரங்கத்தில் விழா வைத்தார்கள். உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். மாலை, சால்வை, வெள்ளித் தட்டு. மேலதிகாரி மைக்கைப் பிடித்து, சார் கண்ணிலிருந்து ஒரு சின்ன விஷயம்கூடத் தப்பாது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் மறுவார்த்தை கேட்டதில்லை என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், பழக்கதோஷம். அப்போதுதான் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தன. மேடையில் சால்வையோடு நின்ற அப்பா கூட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.